கிருஷ்ணகிரியிலிருந்து மதுரைக்கு ரயில்: டிக்கெட் எடுக்கும்போது ‘ஏறும் நிலையம்’ மாற்றுவது எப்படி?

ரயில் டிக்கெட் எடுக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. செயலியில் எங்கள் ஊரான கிருஷ்ணகிரிக்கு டிக்கெட் எடுக்க முடியாது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நேரோகேஜ் (குறுகிய தண்டவாளப் பாதை) ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் இல்லை. எங்களுக்கு அது இன்றும் பெரிய குறைதான்.

அதனால் முதலில் எந்த நிலையம் என்று முடிவு செய்யுங்கள். சென்னைக்கு என்றால் திருப்பத்தூர் அல்லது ஜோலார்பேட்டை. மதுரை, நாகர்கோவில் என்றால் தருமபுரி அல்லது ஓசூர். தருமபுரி இருப்பது பெங்களூரு – ஓசூர் – சேலம் பாதையில். சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில்கள் மொரப்பூர் வழியாகப் போய்விடும், தருமபுரிக்கு வராது. மதுரைக்கு நான் தருமபுரியைத்தான் சொல்வேன். சேலம் பேருந்தில் ஏறி, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்தால் போதும். தெற்கே போக வேண்டியவர் எதற்கு வடமேற்கே ஓசூருக்குப் போக வேண்டும்?

அடுத்து தேடல். 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். தருமபுரி – மதுரை என்று தேடி, பெங்களூரு – நாகர்கோவில் ரயிலைப் பாருங்கள். காத்திருப்புப் பட்டியல் பி.க்யூ.டபிள்யூ.எல். என்று காட்டினால் கவனம். அது இடையிலுள்ள பல நிலையங்களுக்கும் சேர்த்து ஒதுக்கிய சிறிய பங்கு, உறுதியாவது கடினம். அதே ரயிலை அது புறப்படும் பெங்களூரு நிலையத்திலிருந்து தேடினால் பல நாட்களில் இடம் இருக்கும். கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் படுக்கை கிடைக்கும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அம்மாவுக்கும் எனக்கும் பெங்களூருவிலிருந்து டிக்கெட் எடுத்தேன், தருமபுரியில் ஏறினோம். எங்கள் படுக்கையில் வேறு இருவர் இருந்தார்கள். பெங்களூருவில் நாங்கள் ஏறவில்லை என்று குறித்து, ஆர்.ஏ.சி.யில் (முழுப் படுக்கை கிடைக்காமல், உட்கார மட்டும் இடம் பெற்று) இருந்தவர்களுக்கு இடத்தைக் கொடுத்திருந்தார் பரிசோதகர். அவர் செய்தது விதிப்படி சரி. சேலம் தாண்டும்வரை அம்மா ஓரத்தில் உட்கார்ந்து வந்ததை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும். பயணிகளின் பெயர், வயது நிரப்பும் பக்கத்தில் ‘போர்டிங் ஸ்டேஷன்’ என்று இருக்கும். அதில் பெங்களூரு தானாகவே நிரம்பியிருக்கும். அதைத் தொட்டு, பட்டியலில் தருமபுரியைத் தேர்ந்தெடுங்கள். பணம் கட்டும் முன் ஒருமுறை, டிக்கெட் வந்ததும் ஒருமுறை, தருமபுரி என்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள்.

விட்டுவிட்டீர்களா? பதறாதீர்கள். முன்பதிவு செய்த டிக்கெட்டைத் திறந்தால் ‘சேஞ்ச் போர்டிங் பாயின்ட்’ இருக்கும். கடைசி நேரம்வரை காத்திருக்காமல் ஒரு நாளுக்கு மேல் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு பெங்களூருவில் ஏறும் உரிமை கிடையாது. ஏறாமல் விட்ட தூரத்துக்குப் பணமும் திரும்பாது.

ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க நடைமேடையில் நிற்கும்போது ரயில்வேயின் சொந்தச் செயலியான என்.டி.இ.எஸ்.ஐத்தான் நம்புவேன். ஓடும் ரயிலில், இணையம் இல்லாத இடத்தில், ‘வேர் இஸ் மை டிரெயின்’ நல்லது. அது செல்போன் கோபுரத்தை வைத்தே இடத்தைக் காட்டிவிடும்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு இருவர் கேட்டார்கள். ஓசூரிலிருந்து எடுத்த டிக்கெட்டில் பெங்களூருவில் ஏறலாமா? கூடாது. ஏறும் நிலையத்தை ரயில் போகும் திசையில், அதற்குப் பிறகு வரும் நிலையத்துக்குத்தான் மாற்ற முடியும். இன்னொருவருக்குத் தேதி குழம்பியிருக்கிறது. ரயில் புறப்படும் ஊரில் இரவு 9 மணி, நீங்கள் ஏறும் ஊருக்கு வர நள்ளிரவு தாண்டிவிடும் என்றால், டிக்கெட்டைப் புறப்படும் ஊரிலிருந்து எடுக்கும்போது அந்த ஊரின் தேதியில்தான் முன்பதிவு செய்ய வேண்டும். ரயில் உங்கள் நிலையத்துக்கு வருவது மறுநாள் தேதியில். அதாவது, ரயில் புறப்படும் தேதியன்றே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்பிவிட வேண்டும்.