‘கம் ஃப்ரம்’ – எந்த இடத்தில் எந்தச் சொல்?

திருகோணமலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளின் கட்டுரைகளில் ‘கம் ஃப்ரம்’ (come from, ‘இருந்து வருகிறது’) இல்லாத பக்கமே இருக்காது. ஊருக்கும் அதுதான், ஆற்றுக்கும் அதுதான், தலைவலிக்கும் அதுதான். அது பிழையல்ல. அதை மாற்றுவதற்கு அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துப் போடும்போதுதான் வாக்கியம் கெடுகிறது.

படி 1: வாக்கியத்தை ‘வருகிறது’ இல்லாமல் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அவர் மூதூர்க்காரர்’ என்று சொல்ல முடிகிறதா? அது ஊர். ‘வருகிறது’ இல்லாமல் சொல்லவே முடியவில்லையா? அப்படியென்றால் அது பெரும்பாலும் பயணம்.

படி 2: பயணம் என்றால் ‘அரைவ் ஃப்ரம்’ (arrive from) போதும். கொழும்பு ரயில் விடியற்காலையில் வந்து சேர்வதை அப்படி எழுதலாம்.

படி 3: ஆளின் ஊர் என்றால் கவனம் வேண்டும். ‘ஐ கம் ஃப்ரம் ட்ரிங்கோமலி’ என்றால் என் ஊர் திருகோணமலை. ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் ட்ரிங்கோமலி’ என்றால் இப்போது அங்கிருந்து வந்துகொண்டிருக்கிறேன். நேர்முகத் தேர்வில் ஒரு தம்பி இரண்டாவதைச் சொல்ல, எதிரில் இருந்தவர் பயணம் எப்படி என்று விசாரித்தாராம். ‘ஹெய்ல் ஃப்ரம்’ (hail from) என்றும் எழுதலாம். ஆனால் அதோடு ‘இங்’ சேர்க்காதீர்கள். மேடையில் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது அது அழகு. நம்மைப் பற்றி நாமே சொல்லும்போது கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

படி 4: இனிப் பொருள்கள். மகாவலி நம் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. உற்பத்தியாவது மத்திய மலைநாட்டில். ஆறு உற்பத்தியாவதற்கு ‘ரைஸ்’ (rise) என்ற சொல் உண்டு: ‘தி மகாவலி ரைஸஸ் இன் தி சென்ட்ரல் ஹில்ஸ்’. ‘ஃப்ரம்’ போய் ‘இன்’ வந்துவிட்டது, பார்த்தீர்களா? சொல்லை மாற்றும்போது அதன் வாலையும் சரிபார்க்க வேண்டும்.

சொற்களின் பிறப்புக்கு ‘டிரைவ் ஃப்ரம்’ (derive from). இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். இதற்குள் இருக்கும் ‘ரிவஸ்’ லத்தீனில் நீரோடை. ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்து விடுவதுதான் பழைய பொருள். கந்தளாய்க் குளத்து வாய்க்காலைப் பார்த்தவருக்குச் சட்டென்று விளங்கும்: அதே தண்ணீர், வேறு தடம். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனதும், திருக்கோணமலை ‘ட்ரிங்கோமலி’ ஆனதும் அப்படித்தான். இரண்டுக்கும் ‘டிரைவ்ஸ் ஃப்ரம்’ என்று தயங்காமல் எழுதுங்கள்.

காரணத்தைச் சொல்ல, அதுவும் பிரச்சினையின் காரணமென்றால், ‘ஸ்டெம் ஃப்ரம்’ (stem from). இதை ஆளுக்கோ ஊருக்கோ போடக் கூடாது.

படி 5: மாற்றிய வாக்கியத்தை வாய்விட்டு வாசியுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூடு நிலத்தடியிலிருந்து வருகிறது என்று எழுதப் போனால், மேலே சொன்ன எந்தச் சொல்லும் சரியாக உட்காராது. சரி, அங்கே ‘கம்ஸ் ஃப்ரம்’ அப்படியே இருக்கட்டும்.