எக்ஸிமாவுக்கு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரைகள்: மலையில் எழுதுமுன் கவனிக்க வேண்டியவை

களிம்புகளுக்குக் கட்டுப்படாத கடுமையான எக்ஸிமாவுக்கு (அரிப்போடு கூடிய தோல் அழற்சிக்கு) மெத்தோட்ரெக்சேட், அசதையோபிரின், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றுள் ஒன்றை எழுத வேண்டிய கட்டம் சில நோயாளிகளுக்கு வருகிறது. நீலகிரியில் இவற்றை எழுதும் மருத்துவர், எந்த மாத்திரை என்று முடிவு செய்வதற்கு முன், அடுத்த மூன்று மாதங்களுக்கான இரத்தப் பரிசோதனை எங்கே, எந்த நாளில் நடக்கும் என்பதை நோயாளியோடு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மஞ்சூரிலோ பந்தலூரிலோ வசிக்கும் தோட்டத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழந்துதான் ஆய்வகத்துக்கு வர முடியும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் அதுவும் முடியாது. பரிசோதனைக்கு வழியில்லாதவருக்கு இம்மாத்திரைகளை எழுதாமலிருப்பதே மேல் என்பது என் கருத்து.

முதலில், இருப்பது எக்ஸிமாதானா என்பதை உறுதி செய்யுங்கள். மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பால் உருமாறிய படர்தாமரையும், ஒரே லைன் வீட்டில் பலருக்கும் பரவிய சொறியும் பார்வைக்கு எக்ஸிமா போலவே இருக்கும். எதிர்ப்பாற்றலைத் தணித்தால் இரண்டும் பெருகும். நடுத்தர வயதில் முதன்முறையாகத் தோன்றும் எக்ஸிமா, தோலில் தொடங்கும் லிம்போமா என்னும் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஐயம் இருந்தால் தோல் துணுக்கை எடுத்துப் பரிசோதித்த பின்னரே மாத்திரையைத் தொடங்க வேண்டும். கையுறையின் ரப்பரும் செடிக்குத் தெளிக்கும் மருந்தும் ஒவ்வாமையைத் தூண்டுகின்றனவா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

அடுத்து, தொடக்கநிலைப் பரிசோதனைகள். முழு இரத்த எண்ணிக்கை, கல்லீரல் செயல்பாடு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், இரத்த அழுத்தம், ஹெபடைடிஸ் பி மற்றும் சி, எச்.ஐ.வி., கருத்தரிக்கும் வயதினருக்குக் கர்ப்பப் பரிசோதனை ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவையே. காசநோய்க்கான மார்பு எக்ஸ்ரேயையும் மாண்டூ தோல் சோதனை அல்லது இக்ரா இரத்தச் சோதனையையும், பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஸ்டீராய்டு உட்கொண்ட பின் அச்சோதனைகள் பொய்யாக எதிர்மறை காட்டலாம். ஈர மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்பவர்களிடம் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் குடற்புழுவை நினைவில் கொள்ளுங்கள். ஸ்டீராய்டின் நிழலில் அது உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கவும் கூடும். புழுத் தொற்றில் கூடும் இயோசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் எக்ஸிமாவிலேயே கூடியிருக்கும் என்பதால் அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மலப் பரிசோதனையிலும் புழு தப்பிவிடும். ஐயம் வலுவாக இருந்தால், ஸ்டீராய்டுக்கு முன் புழுக்கொல்லியான ஐவர்மெக்டின் கொடுத்துவிடுவது நல்லது. கூடலூர், பந்தலூர்ப் பகுதிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு இரத்தசோகை உண்டா என்று கேளுங்கள். அதற்காக ஹைட்ராக்சியூரியா உட்கொள்பவருக்கு மெத்தோட்ரெக்சேட்டோ அசதையோபிரினோ சேர்த்தால், எலும்பு மஜ்ஜை இரு பக்கமும் அடி வாங்கும்.

மெத்தோட்ரெக்சேட்டில் நேரும் பெரும் விபத்து, வாரம் ஒருமுறை உட்கொள்ள வேண்டியதைத் தினமும் உட்கொள்வது. உயிரிழப்பு வரை கொண்டுபோகும் இப்பிழை, பெரும்பாலும் சீட்டில் எழுதும் முறையிலேயே தொடங்குகிறது. கிழமையைத் தமிழில், முழுச் சொல்லாக எழுதுங்கள். சனிக்கிழமை இரவு என்று வைத்தால், மறுநாள் குமட்டல் வந்தாலும் அது விடுமுறை நாளில் கழிந்துவிடும். 2.5 மில்லிகிராம் அளவுள்ள மாத்திரையை மட்டுமே எழுதுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்; கடையில் 7.5, 10, 15 மில்லிகிராம் மாத்திரைகளும் கிடைப்பதால், ‘மூன்று மாத்திரை’ என்ற சொல் வேறொரு பட்டையில் வேறு அளவாகிவிடும். ஃபோலிக் அமிலத்தை வேறொரு கிழமையில் கொடுக்க வேண்டும். இரண்டும் மஞ்சள் நிறமாக இருப்பதுண்டு என்பதால் தனித்தனி உறையில் இடச் சொல்லுங்கள். முதலில் 5 மில்லிகிராம் கொடுத்து ஒரு வாரத்தில் இரத்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, பிறகே அளவைக் கூட்டுங்கள். இதை உட்கொள்பவருக்குக் கோ-ட்ரைமாக்சசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி கூடவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவர் அறியாமல் எழுதிவிடாதபடி, நோயாளியின் நோட்டின் முதல் பக்கத்திலேயே இதைக் குறித்துவையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல் ஆகியவற்றுள் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டும். கர்ப்பத்தில் இம்மருந்து முற்றிலும் தகாது. மதுப்பழக்கத்தைப் பற்றிக் கூச்சமின்றிக் கேட்டறியுங்கள்.

அசதையோபிரினுக்கு முன், அம்மருந்தைச் சிதைக்கும் நொதியைப் பார்க்கும் டி.பி.எம்.டி. சோதனையை மட்டும் செய்து நிறைவடைந்துவிட வேண்டாம். நம் நாட்டவரிடம் என்.யூ.டி.டி. 15 மரபணு மாறுபாடும் முக்கியமானது. முதல் சில வாரங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தால் உடனே இரத்த எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் மாதம் வாரந்தோறும் எண்ணிக்கை வேண்டும். யூரிக் அமிலத்துக்காக அலோபியூரினால் உட்கொள்பவருக்கு இதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் குளிர் இருந்தாலும் புற ஊதாக் கதிர் கடுமையாகவே விழுகிறது; இம்மருந்து தோலை அக்கதிரால் மேலும் எளிதில் பாதிக்கப்படச் செய்வதால், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கட்டாயம்.

சைக்ளோஸ்போரின் விரைந்து பலன் தரும். சிறுநீரகத்தையும் அப்படியே விரைந்து தாக்கும். தொடங்குமுன் இருமுறை கிரியேட்டினின் எடுத்து, அந்த நோயாளியின் சொந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதங்கள் இரு வாரங்களுக்கொருமுறை, முடிந்தவரை அதே ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அச்சிட்ட அறிக்கையில் இயல்பு என்றிருந்தாலும், சொந்த அளவைவிட 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மருந்தைக் குறைக்க வேண்டும். கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல், பம்பளிமாஸ் பழம் ஆகியவை இதன் இரத்த அளவை உயர்த்தும். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

உயிருள்ள தடுப்பூசிகளைச் சிகிச்சையின்போது போடக் கூடாது. ஃபுளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளைப் போடலாம். வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனம் 1907 முதல் இயங்கும் குன்னூருக்கு அருகே இருந்துகொண்டு அடுத்து வருவதைச் சொல்வது விந்தைதான். ஆனாலும் நாய்க்கடி ஏற்பட்டால், இரத்தம் வராத கீறலுக்குக்கூட இவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசியும் தசையில் போடும் முழுத் தவணைத் தடுப்பூசியும் தேவைப்படும் என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்த பரிசோதனை நாள் வரைக்குமான மாத்திரைகளை மட்டும் கொடுங்கள். பாதை அடைபட்டு வர முடியாமல் போனால், இம்மூன்று மருந்துகளையும் ஓரிரு வாரம் நிறுத்திவைப்பதால் நோய் சற்று மீளுமே தவிர வேறு ஆபத்தில்லை என்பதை முன்கூட்டியே விளக்குங்கள். பல வாரங்கள் உட்கொண்ட பிரெட்னிசலோனுக்கு இது பொருந்தாது. அதைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால், மழைக்காலத்தில் அதற்கு மட்டும் இரு வார மாத்திரைகள் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும்.