விவசாயி ஒருவர் எம்.பி. ஆன வரலாற்றை எழுதுவது எப்படி?

ஊர் மலருக்காகவோ குடும்பத்தார் கேட்டுக்கொண்டோ, மதுரை வட்டாரத்து விவசாயி ஒருவர் மக்களவை உறுப்பினரான கதையை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தேர்தலிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். வயலிலிருந்து தொடங்குவதே முறை. மக்களவை வெளியிடும் உறுப்பினர் குறிப்பில் தொழில் ‘விவசாயம்’ என்று இருப்பது மட்டும் போதாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் வாழ்ந்தவரும் அப்படி எழுதிக்கொள்ளலாம்.

பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்பதைச் சொல்லும். அதில் என்ன விளைந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அதில் ஆண்டு, ‘பசலி’ என்னும் வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில் இருக்கும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆண்டு கிடைக்கும்: பசலி 1367 என்றால் 1957 ஜூலை முதல் 1958 ஜூன் வரை. பழைய அடங்கல் எல்லா ஊருக்கும் கிடைத்துவிடாது. அங்கே பெரியவர்களின் நினைவே துணை. அவர்களிடம் “ஐயா நல்லா விவசாயம் பாத்தாரா?” என்று கேட்டால் “பாத்தாரு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த மடைத் தண்ணீர் அவர் வயலுக்குப் பாய்ந்தது, மாடு கட்டி நீர் இறைத்த கமலை போய் மோட்டார் வந்தது எப்போது, அறுப்புக் கூலியை நெல்லாக அளந்தாரா பணமாகக் கொடுத்தாரா என்று கேளுங்கள்.

இந்த விவரங்கள் அலங்காரத்துக்கு அல்ல. பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். திருமங்கலத்துக் கரிசலில் பருத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த மூன்று இடத்து விவசாயிகளும் டெல்லியில் ஒரே குறையைப் பேச மாட்டார்கள்.

தொகுதியின் பெயரில் கவனம் வேண்டும். 2008 மறுவரையறைக்குப் பின் மேலூர் மதுரைத் தொகுதியில் இருக்கிறது. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியிலும், திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகரிலும் சேர்ந்துவிட்டன. மாவட்டத்தை வைத்து ‘மதுரை எம்.பி.’ என்று போட்டுவிடாதீர்கள். வாக்கு எண்ணிக்கையை மேடைப் பேச்சிலிருந்து எடுக்காமல், தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையிலிருந்து எடுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் நாடாளுமன்ற விவாதப் பதிவுகளே. இவை இணையத்தில் கிடைக்கின்றன. முன்னெழுத்தோடும் இல்லாமலும், வேறு வேறு எழுத்துக்கூட்டல்களிலும் பெயரைத் தேடுங்கள். விவசாயமும் நீர்ப்பாசனமும் பெரும்பாலும் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அவருடைய கேள்விகள் உர விலை, கொள்முதல் விலை, வங்கிக் கடன், மாநிலங்களுக்கு இடையேயான ஆற்று நீர் ஆகியவற்றைச் சுற்றியே இருக்கக்கூடும். 1979-இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதிலிருந்து, 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கான அனுமதியை உறுதிசெய்தது வரையிலான காலத்தில் அவர் உறுப்பினராக இருந்திருந்தால், அணையைப் பற்றி என்ன பேசினார் என்று பாருங்கள். பேசவே இல்லை என்றால் அதையும் எழுதத்தான் வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியை, அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் கேள்வியை, வேறொருவர் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அமைச்சரின் பதிலைக் கேட்டுவிட்டு அங்கேயே எழுந்து கேட்கும் துணைக் கேள்வியில்தான் வயல் தெரிந்தவர் யார் என்பது வெளிப்படும்.

தொகுதி மேம்பாட்டு நிதி 1993-இல்தான் வந்தது. அதற்கு முன் உறுப்பினராக இருந்தவரின் பெயர் எந்தப் பேருந்து நிழற்குடையிலும் இல்லையே என்று குறைபட முடியாது.

அண்மைக் காலத்தவர் என்றால் வேட்புமனுவோடு தந்த பிரமாணப் பத்திரத்தில் விவசாய நிலம் சர்வே எண்ணோடு இருக்கும். இரண்டு தேர்தல்களின் பத்திரங்களைப் பக்கத்தில் வைத்து, ஏக்கர் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுங்கள்.

வரைவு முடிந்ததும் முதலில் பக்கத்து வயல்காரரிடம் படித்துக் காட்டுங்கள். உறுப்பினர் டெல்லியில் இருந்த நாட்களில் அந்த வயலுக்குத் தண்ணீர் கட்டியது யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். குடும்பத்தாரிடம் அதன் பிறகு காட்டலாம்.