சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? நியூரல் நெட்வொர்க்குக்குக் காது பழக்குவது எப்படி

மேஜை மேல் நான்கு மைக். யார் எந்தக் கோணத்திலிருந்து பேசுகிறார் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். இந்த வேலையில் இறங்குகிற எல்லோரும் முதலில் கேட்பது "நெட்வொர்க்கில் எத்தனை லேயர் (கணக்கு அடுக்கு) வைக்கலாம்?" என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்து ஒரு மாதத்தைத் தொலைத்தேன். லேயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மைக்கிலிருந்து தொடங்குங்கள்.

20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். இரண்டு மைக்குக்கு இடையே 10 செ.மீ. இருந்தால், முதல் மைக்கைத் தொட்ட ஒலி அடுத்ததைத் தொட அதிகபட்சம் 0.29 மில்லிவிநாடிதான் ஆகும். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து பதிவு செய்தால், அது வெறும் 14 சாம்பிள் (அளவீடு). 16,000 ஹெர்ட்ஸில் 5 கூடத் தேறாது. கோணம் பற்றிய செய்தி முழுவதும் இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

அதனால் எல்லா மைக்கும் ஒரே கடிகாரத்தில் ஓடியாக வேண்டும். கையில் கிடந்த இரண்டு யுஎஸ்பி மைக்கைத் தனித்தனியாகச் செருகி முதலில் முயன்றேன். நாற்காலியை விட்டு அசையாமல் பேசினேன். திரையில் என் குரல் மட்டும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மெல்ல நடந்து போனது! இரண்டு கடிகாரங்களும் பத்து லட்சத்தில் 50 பங்கு மாறுபட்டாலே விநாடிக்கு 50 மைக்ரோவிநாடி பிசகும். ஆறே விநாடியில் மொத்தக் கணக்கும் காலி. நான்கு சேனலையும் (மைக்குக்கு ஒன்று) ஒன்றாகப் பதிவு செய்யும் ஒரே போர்டை வாங்கிவிடுங்கள்.

மைக்குகளை ஒரே கோட்டில் வைத்தால் முன்னாலிருந்து வரும் ஒலியையும் பின்னாலிருந்து வரும் ஒலியையும் பிரிக்க முடியாது. எந்த மாடலாலும் முடியாது. தகவலே அங்கே இல்லை. பக்கம் 7 செ.மீ. உள்ள சதுரத்தின் மூலைகளில் வையுங்கள், மூலைவிட்டம் கிட்டத்தட்ட 10 செ.மீ. வரும். இன்னும் அகலமாக வைத்தால் கோணம் துல்லியமாகும் என்பது உண்மைதான். ஆனால் இடைவெளி அரை அலைநீளத்தைத் தாண்டினால் ஃபேஸ் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) குழப்பம் தொடங்கும். 10 செ.மீ.க்கு அந்த எல்லை சுமார் 1,700 ஹெர்ட்ஸ்.

சரி, நெட்வொர்க்குக்கு எதை ஊட்டுவது? பச்சை ஒலி அலையை அப்படியே கொடுக்கலாம், ஆனால் டேட்டா ஏராளமாக வேண்டியிருக்கும். நான் ஜிசிசி-ஃபாட் (GCC-PHAT) என்ற கணக்கின் விடையைக் கொடுக்கிறேன். 1976இல் நாப், கார்ட்டர் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை இது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சத்த அளவை எறிந்துவிட்டு ஃபேஸை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு சேனலும் எந்தத் தாமதத்தில் பொருந்துகின்றன என்று பார்க்கும். பொருந்துமிடத்தில் ஒரு முகடு எழும். நான்கு மைக்குக்கு ஆறு ஜோடி. ஒவ்வொன்றிலும் −14 முதல் +14 சாம்பிள் தாமதம் வரை 29 எண்கள். ஆக ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது பதிவின் ஒரு சிறு துண்டுக்கு, 174 எண்கள்.

பயிற்சிக்கு முன் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். வலப்பக்கம் நின்று தட்டினால் முகடு ஒரு பக்கமும், இடப்பக்கம் போய்த் தட்டினால் மறுபக்கமும் நகர வேண்டும். என்னிடம் இரண்டாம், மூன்றாம் சேனல்கள் இடம் மாறிக் கிடந்தது ஒரு வாரம் கழித்து இப்படித்தான் தெரிந்தது.

டேட்டாவை முழுக்கப் பதிவு செய்து மாளாது, செயற்கையாக உருவாக்குங்கள். ஆலன், பெர்க்லி இருவரும் 1979இல் வெளியிட்ட பிம்ப முறை ஒவ்வொரு சுவரையும் கண்ணாடிபோல் எடுத்துக்கொண்டு எதிரொலிகளைக் கணக்கிடும். பைரூம்அகூஸ்டிக்ஸ் என்ற இலவச பைத்தான் நூலகத்தில் அது தயாராக இருக்கிறது. எதிரொலி இல்லாத பேச்சுத் துண்டுகளை எடுத்து, ஆயிரக்கணக்கான கற்பனை அறைகளில் ஒலிக்க விடுங்கள். அறையின் அளவு, பேசுபவரின் தூரம், இரைச்சல் எல்லாம் மாறட்டும். எதிரொலி அடங்கும் நேரம் 0.2 முதல் 0.8 விநாடி வரை மாறட்டும். மைக்கின் இடத்தையும் ஒரு மில்லிமீட்டர் அங்கே இங்கே தள்ளிவிடுங்கள், நிஜத்தில் யாரும் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டுவதில்லை. சதுர அமைப்பில் ஒரு லாபமும் உண்டு: சேனல்களை வரிசையாகச் சுழற்றி, விடைக்கோணத்தில் 90 டிகிரி கூட்டினால் ஒரு பதிவு நான்காகிவிடும்.

விடையை டிகிரியாகக் கேட்காதீர்கள். 359க்கும் 1க்கும் நிஜத்தில் இரண்டு டிகிரிதான் வித்தியாசம், நெட்வொர்க்குக்கோ அது 358. கோணத்தின் கொசைன், சைன் என்று இரண்டு எண்களைக் கேளுங்கள். யாரும் பேசாத ஃப்ரேமுக்கு இரண்டும் பூஜ்யம். அந்த இரண்டு எண்களையும் ஒரு அம்பாக நினைத்துக்கொண்டால், அதன் நீளமே 'யாராவது பேசுகிறார்களா' என்பதற்கும் பதிலாகிவிடும். ஒரே நேரத்தில் இருவர் பேசுவார்கள் என்றால் இது போதாது. வட்டத்தை 5 டிகிரியாக 72 துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஆள் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

லேயர் விஷயம் இவ்வளவுதான்: மூன்று கன்வல்யூஷன் (அருகருகே உள்ள எண்களில் வடிவம் தேடும் லேயர்), மேலே ஒரு ஜிஆர்யு (முந்தைய ஃப்ரேம்களை நினைவில் வைக்கும் லேயர்). அதற்கு மேல் அடுக்கி எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சோதனையில்தான் நான் பெரிதாக ஏமாந்தேன். ஒரே அறையில் பதிவு செய்த ஃப்ரேம்களைக் கலக்கிப்போட்டு, பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று பிரித்தேன். பிழை 2 டிகிரி என்றதும் தலைகால் புரியவில்லை. அப்புறம் அடுத்த அறைக்குத் தூக்கிப் போனால் 40 டிகிரி! அது கோணத்தைக் கற்கவில்லை, என் சுவர்களை மனப்பாடம் செய்திருந்தது. ஃப்ரேம்வாரியாகப் பிரிக்காமல் அறைவாரியாகப் பிரியுங்கள். சராசரிப் பிழையை மட்டும் நம்பாமல் பிழைகளை வரைபடமாகப் போடுங்கள். 180 டிகிரி அருகே ஒரு சின்ன மேடு தெரிந்தால் முன்பின் குழப்பம் இருக்கிறது. நெட்வொர்க் இல்லாத எஸ்ஆர்பி-ஃபாட் முறையையும் (ஒவ்வொரு திசைக்கும் எல்லா ஜோடிகளின் பொருத்தத்தையும் கூட்டி, அதிகம் வரும் திசையைத் தேர்வது) அதே பதிவுகளில் ஓட்டிப் பாருங்கள். அமைதியான அறையில் அது உங்கள் மாடலை எட்டிப் பிடித்தால் ஆச்சரியப்படாதீர்கள், எதிரொலியும் இரைச்சலும் கூடும்போதுதான் நெட்வொர்க்கின் கை ஓங்கும்.

கடைசியாகக் கொஞ்சம் நிஜப் பதிவு. ஒரு அட்டையில் 10 டிகிரிக்கு ஒரு கோடு வரைந்து நடுவில் மைக்குகளை வையுங்கள். மையத்திலிருந்து ஒன்றரை மீட்டர் நூலைப் பிடித்து ஒவ்வொரு கோட்டின் நேராகவும் போய், ஃபோனில் பேச்சை ஒலிக்க விடுங்கள். 36 இடம், இடத்துக்கு ஒரு நிமிடம். இதை வைத்து மாடலுக்கு மறுபயிற்சி கொடுக்கும்போது கற்றல் வேகத்தை (ஒவ்வொரு படியிலும் மாடல் எவ்வளவு மாறலாம் என்பது) பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள்.