மடக்குக்கத்தி எதற்கு, எப்படி

கையில் கத்தி இல்லாதவர்கள் ஒரு பார்சலை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பல்லால் கடிக்கிறார்கள், சாவி முனையால் குத்துகிறார்கள். அதுவும் முடியாவிட்டால் இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு இழுக்கிறார்கள். உறை ஒரு பக்கம், உள்ளே இருந்த பொருள் இன்னொரு பக்கம். பல் நுனி உடைவதும் நகம் பிய்வதும் பெரும்பாலும் இப்படித்தான். விரல் நீள மடக்குக்கத்தி ஒன்று கையோடு இருந்தால் இதெல்லாம் இரண்டு நொடி வேலை.

நான் மேடைக்கு விளக்கு அமைப்பவள். கேபிள், கயிறு, டேப், விளக்கின் முன்னால் செருகும் வண்ண ஜெல் தாள் என்று எதையாவது வெட்டிக்கொண்டே இருக்கும் தொழில். ஆனால் வேலை இல்லாத நாளிலும் கத்தி என் பையில் இருக்கும். ஏன் என்று கேட்பவர்களுக்கும், நாமும் ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுங்கள். அந்த வாரத்தில் “இதை வெட்ட ஏதாவது கிடைக்குமா” என்று எப்போதெல்லாம் தோன்றுகிறதோ, அப்போதெல்லாம் என்ன பொருள் என்று குறித்துவையுங்கள். புதுச் சட்டையில் பிளாஸ்டிக் நூலில் தொங்கும் அட்டை, தையலிலிருந்து தொங்கும் நூல், மருந்துப் புட்டியின் மூடியைச் சுற்றிய உறை, குப்பைக்குப் போடுமுன் மடக்க வேண்டிய அட்டைப்பெட்டி, சீவ வேண்டிய பென்சில், செடியைக் குச்சியோடு கட்டிய கயிறு. இந்தப் பட்டியல்தான் உங்கள் கத்தியைத் தேர்ந்தெடுக்கும். பட்டியல் எழுதாமல் அழகைப் பார்த்து வாங்கிய கத்தி மேசை இழுப்பறையில் போய்த் தங்கிவிடும். கையோடு இல்லாத கத்தி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

உங்கள் பட்டியலில் “தற்காப்பு” என்று இருந்தால் தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். நான் இதை மனதாரச் சொல்கிறேன். பதற்றத்தில் கை நடுங்கும்போது மடக்குக்கத்தியைத் திறப்பதே கடினம். திறந்தாலும் அதைக் கையில் ஏந்திய கணத்திலேயே ஒரு வாய்ச்சண்டை உயிர்ச்சேதமாக மாறக்கூடும். எதிராளி அதைப் பிடுங்கவும் செய்யலாம். ஆபத்தில் ஓடுவதும் கத்துவதும்தான் பயன் தரும். மடக்குக்கத்தி ஒரு கருவி. அப்படி நினைப்பவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

எதை வாங்குவது

பட்டியலில் காகிதமும் நூலும் டேப்பும்தான் இருக்கிறது என்றால், மடக்கிய நிலையில் 58 மில்லிமீட்டர் உள்ள குட்டி ஸ்விஸ் கத்தி போதும். சாவிக்கொத்தில் தொங்கும், ஒரு சிறு கத்தரிக்கோலும் அதில் உண்டு. பை வைத்துத் தைக்காத உடைகளை அணிகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதற்கு மேல் வேலை இருந்தால் 91 மில்லிமீட்டர் அளவு. கார்ல் எல்செனர் சுவிட்சர்லாந்தில் 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்த ராணுவ அதிகாரிகள் கத்தியின் வழிவந்தது அது. அவர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். ஒரே பிடிக்குள் கத்தி, டப்பா திறப்பான், ஸ்குரூடிரைவர், ஊசித்துளைப்பான் எல்லாம் அடங்கும். தக்கைத் திருகி உள்ள வகையில், அதன் சுருளுக்குள் மூக்குக்கண்ணாடி ஸ்குரூவைத் திருப்புகிற குட்டி ஸ்குரூடிரைவர் ஒன்றைச் செருகிவைக்கலாம். கண்ணாடி போடுகிறவர்கள் இதற்காகவே வாங்கலாம். அடிக்கடி குறடும் தேவைப்படுகிறவர்கள் டிம் லெதர்மேன் 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வகைக் கருவியைப் பார்க்கலாம். ஆனால் கனம் அதிகம். சட்டைப்பை தாங்காது, இடுப்புப் பட்டையில் உறை வேண்டும்.

வெட்டுவது மட்டும்தான் தேவை என்றால் பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியை எனக்குப் பிடிக்கும். சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் வடிவமைத்தது. மரப்பிடி, ஒரே அலகு, அவ்வளவுதான். எண் 8-இன் அலகு 8.5 சென்டிமீட்டர். 1955-இலிருந்து கழுத்தில் ஒரு சுழல்வளையம் வருகிறது. அதைத் திருப்பினால் அலகு மடங்காது.

இந்தப் பூட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூட்டு இல்லாத கத்தியில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்திவைப்பது முதுகுப் பக்கத்து வில் மட்டுமே. கூர்ப்பக்கத்தை அழுத்தி இழுத்து வெட்டும்போது அலகு மேலும் திறக்கும் திசையிலேயே தள்ளப்படுகிறது, அதனால் பயமில்லை. முனையால் குத்தித் துளைக்க முயன்றாலோ, அலகு எதிலாவது சிக்கி முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தாலோ அது மடங்கி நேராக உங்கள் விரல்மேல் வரும். ஆகவே பூட்டில்லாத கத்தியால் எதையும் குத்தாதீர்கள். குத்தும் வேலை உண்டென்றால் பூட்டுள்ளதை வாங்குங்கள். பூட்டு இருந்தாலும் அதை முழுதாக நம்ப வேண்டாம், விரல் எப்போதும் அலகு மடங்கும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகை மடங்காமல் தாங்கும் பூட்டுக்கு லைனர் லாக் என்று பெயர். இந்த வகையில், மூடும்போது கட்டைவிரல் அந்த உள்தகட்டைத் தள்ளிக்கொண்டு அலகின் பாதையிலேயே நிற்கும். அலகை ஒரு கால்வாசி மடக்கியதும் கட்டைவிரலை எடுத்துவிட்டு, பிறகுதான் முழுதாக மூட வேண்டும். புதுக்கத்தி வாங்கிய அன்று இதை மெதுவாகப் பலமுறை செய்து கைக்குப் பழக்குங்கள்.

வாங்குமுன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். எதை வைத்துக்கொள்ளலாம் என்பது நாட்டுக்கு நாடு பெரிதும் மாறும். உதாரணமாக பிரிட்டனில் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் அந்த விலக்கு இல்லை, நியாயமான காரணம் காட்ட வேண்டும். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் வகைக்குப் பொது இடத்தில் கட்டுப்பாடு உண்டு. பள்ளி, நீதிமன்றம், விளையாட்டரங்கம் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விமானப் பயணம் என்றால் முந்தைய இரவே அதை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்திதான் மறந்துபோகும், பாதுகாப்புச் சோதனையில் பறிபோவதும் அதுதான்.

எப்படி வெட்டுவது

அட்டைப்பெட்டியிலிருந்து தொடங்குவோம். எல்லோரும் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து ஆழமாக இறக்குகிறார்கள், உள்ளே இருக்கும் துணியோ புத்தகமோ வெட்டுப்படுகிறது. அலகைப் படுத்தவாறு பிடியுங்கள். முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி அலகின் இரு பக்கத்தையும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கவ்விக்கொள்ளுங்கள். விரலே தடுப்பாக நிற்கும், அதற்குமேல் ஆழம் போகாது. இரண்டு ஓரத்து டேப்பை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு நடுக்கோட்டை வெட்டினால் மூடி ஒரே இழுப்பில் திறக்கும்.

கடினமான பிளாஸ்டிக் உறைதான் ஆபத்தானது. திடீரென்று விட்டுக்கொடுக்கும், கத்தி வழுக்கி மறுகைக்குப் போகும். உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வெட்டவே கூடாது. மேசைமேல் படுக்கவைத்து, பின்பக்க ஓரத்தில், உங்களைவிட்டு விலகும் திசையில் இழுங்கள். பிளந்த பிளாஸ்டிக் விளிம்பும் கத்தியைப் போலவே கையைக் கிழிக்கும். கத்தரிக்கோல் உள்ள கத்தி என்றால் அதையே எடுங்கள்.

நைலான் கயிற்றை வெட்டும் இடத்தில் முதலில் டேப்பை இறுக்கிச் சுற்றி, அந்த டேப்பின் நடுவே வெட்டுங்கள். இரண்டு நுனியும் புரி பிரியாமல் நிற்கும். பிறகு நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடலாம். பருத்திக் கயிறு உருகாது, எரியத்தான் செய்யும். அதன் நுனிக்கு நூல் சுற்றிக் கட்டுவதே வழி. கயிற்றுக்கு அழுத்தத்தைவிட நீளமான இழுப்புதான் உதவும்.

கேபிள் கட்டிய பிளாஸ்டிக் பட்டையைக் கத்தியால் அறுக்காதீர்கள். அடியில் இருக்கும் கேபிளின் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். பட்டையின் தலைக்குள் ஒரு சின்ன நாக்கு இருக்கும். குட்டி ஸ்குரூடிரைவரால் அந்த நாக்கைத் தூக்கிப் பிடித்தால் பட்டை பின்னால் வழுகி வந்துவிடும், மறுபடியும் பயன்படும். மேடையிறக்கும் இரவுகளில் நான் எத்தனையோ பட்டைகளை இப்படித்தான் காப்பாற்றுகிறேன். கம்பியின் தோலை உரிப்பதாக இருந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்திருக்க வேண்டும், கத்திப்பிடி மின்காப்பு அல்ல. அலகைக் கம்பியோடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் சாய்த்து, பென்சில் சீவுவதுபோல் வெளிநோக்கிச் சீவுங்கள். குறுக்கே அழுத்தினால் செம்பு இழைகள் அறுந்துவிடும்.

ஏணியிலோ சாரத்திலோ நின்று வேலை செய்பவர்கள் கத்தியை ஒரு கயிற்றால் இடுப்போடு கட்டிக்கொள்ள வேண்டும். கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள். எங்கள் துறையில் இதற்கு விலக்கே கிடையாது.

மற்றவை சுருக்கமாக. திறந்த கத்தியோடு நடக்காதீர்கள். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள். வெட்டத் தொடங்குமுன் கையை நீட்டிச் சுற்றிப் பாருங்கள், கை எட்டும் தூரத்துக்குள் யாரும், குறிப்பாகக் குழந்தை, நிற்கக் கூடாது. டப்பா மூடியை நெம்பவோ ஸ்குரூவைத் திருகவோ அலகின் முனையைப் பயன்படுத்தாதீர்கள். எஃகு கூருக்காகக் கடினப்படுத்தப்பட்டது, பக்கவாட்டில் வளைத்தால் முனை ஒடிந்து தெறிக்கும்.

கூர் மங்காமல் பார்த்துக்கொள்வது

மொண்ணைக் கத்திதான் கையைக் கிழிக்கும். வெட்டாத கத்தியை நாம் கூடுதலாக அழுத்துகிறோம், அழுத்தம் கூடினால் வழுக்கும். இதில் பலருக்கும் பயம். கத்தியைத் தீட்டுவது ஏதோ கைவந்த கலை என்று நினைக்கிறார்கள். ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம்.

1000 எண் சாணைக்கல் ஒன்று போதும், அந்த எண் கல்லின் நுண்மையைக் குறிப்பது. தண்ணீரில் பயன்படுத்தும் கல்லை நனைத்து, வழுக்காத ஈரத்துணியின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். மடக்குக்கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வு சரியாக இருக்கும். அளவு தெரிய ஒரு காகிதத்தின் செங்கோண மூலையைப் பாதியாக மடியுங்கள், 45 பாகை. இன்னொரு முறை மடித்தால் 22.5. அலகை அதைவிடச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் வேண்டிய சாய்வு வந்துவிடும். கூரின் ஓரச் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டுக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை முழுதும் அழிந்தால் சாய்வு சரி. முதுகுப் பக்கம் மட்டும் அழிந்தால் அலகை இன்னும் நிமிர்த்த வேண்டும், கூர் ஓரம் மட்டும் அழிந்தால் தாழ்த்த வேண்டும்.

ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தீட்டிக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து கூரை நோக்கி வெளியே நகர்த்தித் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். கூரின் நீளவாக்கில் தடவக் கூடாது. பிசிறு அடியிலிருந்து முனைவரை எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். பிசிறு எழுமுன்னே பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டுக் கல்லைக் குறை சொல்கிறார்கள். மறுபக்கமும் பிசிறு வந்ததும் அழுத்தத்தை முழுதாகக் குறைத்து, பக்கத்துக்கு ஓர் இழுப்பாக மாற்றி மாற்றித் தடவுங்கள். கடைசியில் தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், கூர் பின்னால் வரும்படி சில முறை இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். செய்தித்தாளை ஓரத்தில் பிடித்து வெட்டிப் பாருங்கள், கிழியாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சட்டென்று கல் கிடைக்காத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத வளையத்தில் தீட்டலாம். நான் வெளியூர் அரங்குகளில் செய்வது அதுதான்.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஈரத்தில் கிடந்தால் புள்ளி விடும். கார்பன் ஸ்டீல் அலகு பழச்சாறு பட்டாலே சாம்பல் நிறமாகும். அது துரு அல்ல, விட்டுவிடலாம். செம்மஞ்சளாகத் தூள் வந்தால்தான் துரு, உடனே தேய்த்தெடுக்க வேண்டும். டேப் பசை ஒட்டியிருந்தால் ஸ்பிரிட் நனைத்த துணியால், முதுகிலிருந்து கூர் நோக்கித் துடையுங்கள். பழம் வெட்டும் கத்தியென்றால் இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

பையில் கிடக்கும் கத்தியின் மூட்டுக்குள் துணித்தூசு சேரும், திறக்கும்போது இறுகும். உலோகப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ உள்ள கத்தியென்றால் வெதுவெதுப்பான நீரில் பிடித்து அலகைப் பலமுறை திறந்து மூடினால் அழுக்கு வெளியேறும். மரப்பிடியை நனைக்காதீர்கள், மரம் ஊதி அலகு வெளியே வர மறுக்கும். அதற்குக் காய்ந்த பல்துலக்கி போதும். கழுவியதைத் துடைத்து, திறந்த நிலையிலேயே நன்றாகக் காயவிட்டு, மூட்டில் ஒரு சொட்டு கனிம எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டியாகிவிடும். ஒரு சொட்டுக்கு மேல் விட்டால் தூசு முன்னைவிட வேகமாக ஒட்டும், மிஞ்சியதைத் துடைத்துவிட்டு மூடுங்கள்.