ஆர்கன் பழக ஹெட்போன் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

போனில் பாட்டுக் கேட்க வாங்கிய புளூடூத் ஹெட்போனையே ஆர்கனுக்கும் மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலோர் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான். முதல் சிக்கல், நிறைய டிஜிட்டல் ஆர்கன்களிலும் கீபோர்டுகளிலும் புளூடூத் இருப்பது போனிலிருந்து பாட்டை உள்ளே வாங்குவதற்கு மட்டும்தான், ஹெட்போனுக்கு ஒலியை வெளியே அனுப்ப அல்ல. சரி என்று தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கிச் சொருகினால் அடுத்த சிக்கல்: கட்டையை அழுத்தியபின் ஒலி காதுக்கு வந்து சேரச் சாதாரண புளூடூத்தில் 0.15 முதல் 0.25 நொடி வரை ஆகிவிடும். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 0.2 நொடி என்றால் பைப் ஆர்கனின் குழாய்கள் உங்களிடமிருந்து 68 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "பைப் ஆர்கனிலும் தாமதம் உண்டுதானே, பழகிவிட்டால் போச்சு." உண்டுதான். ஆனால் குழாய்கள் 20 மீட்டர் தள்ளி இருக்கிற பெரிய ஆலயத்தில்கூட அது 0.06 நொடிதான், அதுவும் நாளுக்கு நாள் மாறாது. புளூடூத் தாமதம் அதைப்போல மூன்று மடங்கு, கருவியை மாற்றினால் அளவும் மாறும். இதைவிட மோசம், நமக்கே தெரியாமல் விரல் முந்திப் போய் வாசிக்கப் பழகிவிடுகிறது. இரண்டு வாரம் அப்படிப் பழகிவிட்டு ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்தேன், சபை ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். கொயர் மாஸ்டர் அண்ணன் முடிந்ததும் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, எங்காவது பஸ்ஸைப் பிடிக்கணுமா?" வயர் வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் சொந்த டிரான்ஸ்மிட்டரோடு வருகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைப் பார்க்கலாம், அதில் தாமதம் ரொம்பக் குறைவு. என்னைக் கேட்டால் வயர்தான்.

கம்ப்யூட்டரில் கிராண்ட்ஆர்க், ஹாப்ட்வெர்க் மாதிரி ஆர்கன் மென்பொருளை ஓட்டுபவர்கள் வயர் ஹெட்போனிலும் தாமதம் வருகிறதே என்பார்கள். அது ஹெட்போனின் குற்றம் அல்ல, பஃபர் அளவை, அதாவது கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் அனுப்புகிற துண்டின் அளவைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் 5 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல், அது பிரச்சினையே இல்லை. 2048 என்று கிடந்தால் 40-ஐத் தாண்டிவிடும்.

அடுத்தது பாஸ். இதில்தான் காசு அதிகம் வீணாகிறது, ஏனென்றால் கடையில் போட்டுக் கேட்கும்போது நம்மை மயக்குவதும் இதுதான். ஆர்கன் என்றாலே பெடலின், அதாவது காலால் வாசிக்கிற கட்டைகளின் அடித்தொண்டை ஒலி, ஆகவே 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று எழுதியிருப்பதை வாங்கினால் சரியாக இருக்கும் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஸ்டாப் என்பது ஒரு குழாய் வரிசையின் ஒலியைத் திறக்கிற இழுப்பு, 'அடி' என்பது அந்த வரிசையின் மிக நீளமான குழாயின் அளவு. பெடலில் 8 அடி ஸ்டாப்பின் கடைசி 'சி' 65 ஹெர்ட்ஸ், 16 அடியில் அது 33, 32 அடியில் 16. கடைசியது காதுக்குக் கேட்பதைவிட மார்பிலும் பெஞ்சிலும் உணர்கிற விஷயம், எந்த ஹெட்போனும் அதைத் தராது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. பாட்டுக்காகச் செய்த ஹெட்போன்கள் பலவற்றில் தூக்கிவிட்டிருப்பது டிரம்மும் பாஸ் கிட்டாரும் திம்மென்று கேட்கிற இடத்தை, அதாவது 60, 70-இலிருந்து 150 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை. விளைவு, 16 அடி ஸ்டாப்பில் பெடலின் மேல் பாதி முழங்கும், கால் இடது கோடிக்குப் போகப் போக ஒலி மங்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டு சப்பாஸ், பூர்டன் மாதிரி 16 அடி ஸ்டாப் ஒன்றை மட்டும் திறந்து, வலது கோடியிலிருந்து இடது கோடி வரை ஒவ்வொரு கட்டையாக, கருப்பையும் விடாமல், ஒவ்வொன்றையும் இரண்டு நொடி பிடித்து இறங்கி வாருங்கள். நல்ல ஹெட்போனில் படி இறங்குவதுபோல் சீராக இறங்கும். மோசமானதில் நடுவில் நாலைந்து கட்டைகள் மட்டும் 'வூம்' என்று எழுந்து நிற்கும், பிறகு கடைசி 'ஈ', 'டி', 'சி' எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும்.

கேட்க நன்றாக இருந்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது, காரணம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது எந்தெந்த ஸ்டாப்பைச் சேர்த்து இழுப்பது என்பது. பெடல் குறைவாகக் கேட்டால் கை தானாகவே இன்னொரு ஸ்டாப்பை இழுக்கும், வீட்டில் பிரமாதமாக இருக்கும், ஆலயத்தில் அதே கூட்டணியை இழுத்தால் ஜன்னல் அதிரும். மேல்பக்கமும் இதே கதை. மிக்ஸ்சரை (பல மேல்ஸ்தாயிக் குழாய்கள் சேர்ந்து ஒலிக்கிற ஸ்டாப், தட்டில் வைத்துக் கொறிக்கிற மிக்ஸரைச் சொல்லவில்லை) திறந்ததும் காதைக் குத்துகிறது என்றால் ஹெட்போனின் மேல்ஸ்தாயி கூர்மையாக இருக்கலாம், அதை நம்பி மிக்ஸ்சரே இல்லாமல் பழகினால் ஞாயிற்றுக்கிழமை சபையின் பாட்டைத் தாங்க ஒலி போதாது. நல்ல ஹெட்போன் வைத்திருந்தாலும் ஸ்டாப்புகளை இறுதியாக முடிவு செய்வது ஆலயத்தில்தான்.

ஓபன் பேக்கா (காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்தது), குளோஸ்டு பேக்கா (மூடியது) என்று இணையத்தில் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். ஓபன் பேக்கில் ஒலி தலைக்கு வெளியே விரிந்த மாதிரி இருக்கும், மணிக்கணக்காக வாசிக்கலாம், ஆனால் பக்கத்தில் தூங்குபவருக்கும் கேட்கும். தனி அறை இருந்தால் ஓபன், இல்லாவிட்டால் குளோஸ்டு, அவ்வளவுதான். எதை வாங்கினாலும் கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்பது வேறு. எங்கள் கீழ் வீட்டு அக்கா ஒரு நாள் படியில் நிறுத்தி, "ராத்திரி பத்து மணிக்கு மேல என்ன தம்பி, உரல்ல இடிக்கிறீங்களா?" என்றார். பெடல் கட்டையை மிதிக்கிற சத்தம் தரை வழியாக இறங்குகிறது. அதற்கு மருந்து பெடல்போர்டுக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு, இன்னும் விலை உயர்ந்த ஹெட்போன் அல்ல.

ஓம் கணக்கை, அதாவது ஹெட்போனின் மின்தடையைப் பார்க்காமல் வாங்குவது இன்னொன்று. பேயர்டைனமிக் டிடி 770 புரோவையே எடுத்துக்கொள்ளுங்கள், 32, 80, 250 ஓம் என்று தனித்தனியாக விற்கிறார்கள். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 250-ஐயோ, 300 ஓம் உள்ள சென்ஹைசர் எச்டி 600-ஐயோ வாங்கி, ஆர்கனின் ஹெட்போன் ஓட்டையில் நேராகச் சொருகினால் வால்யூமை முழுக்கத் திருகியும் ஒலி போதாமல் போகலாம், பிறகு ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் ஒன்று வாங்க வேண்டும். 32 முதல் 80 ஓம் வரை தொல்லை இல்லை.

ஜாக்கும் அப்படித்தான். ஆர்கனில் பெரும்பாலும் 6.35 மி.மீ. ஓட்டை, ஹெட்போனில் 3.5. நீட்டிக்கொண்டிருக்கிற, வயர் இல்லாத அடாப்டரைப் போட்டால், ஓட்டை கீபோர்டுக்கு அடியில் இருக்கும் பட்சத்தில், முழங்கால் பட்டு ஒரு நாள் சாக்கெட்டே ஆடிப்போகும். சிறிய வயரோடு வருகிற அடாப்டரை வாங்குங்கள். ஹெட்போன் வயர் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதாக, மூன்று மீட்டராவது நீளமாக இருந்தால், பெஞ்சில் இரண்டு பக்கமும் நகரும்போது பெடலில் சிக்காது.

காதுறையை யாரும் கவனிப்பதே இல்லை. ரெக்சின் மாதிரி வழுவழுப்பான உறை சென்னை வெயிலில் அரை மணி நேரத்தில் நனைந்துவிடும், நாளடைவில் கருப்புச் செதிலாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டும். வெல்வெட் மாதிரித் துணி உறை தேவலை, உறை தனியாகக் கிடைக்கிற மாடலா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வால்யூம். ஒரே ஒரு புல்லாங்குழல் ஸ்டாப்பை வைத்துக்கொண்டு வால்யூமைச் சரிசெய்துவிட்டு, கடைசிச் சரணத்தில் எல்லாவற்றையும் இழுத்தால் காது என்ன ஆகும்? முதலில் எல்லா ஸ்டாப்பையும் திறந்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஸ்வெல் பெடலையும் முழுக்கத் திறந்து, அது தாங்குகிற அளவுக்கு வால்யூமை வையுங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, அதற்கு மேல் 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும்.

கடைக்குப் போகிறவர்கள் அவர்கள் போடுகிற டெமோ பாட்டைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். மேலே சொன்ன பெடல் இறக்கத்தையும், மிக்ஸ்சரோடு ஒரு பாமாலையையும் ஆர்கனிலிருந்து நேராகப் பதிவு செய்து போனில் எடுத்துப் போங்கள். போனில் ஹெட்போன் ஓட்டை இல்லாவிட்டால் அதற்கான சிறு இணைப்பானும் பையில் இருக்கட்டும். நான் போனபோது பெடல் இறக்கத்தை நாலு ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன், கடைப் பையனும் ஆர்வமாக ஒன்றை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையே" என்றான்.