மணற்கல்லை அடையாளம் காண்பது எப்படி?

பாறைகளைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு மணற்கல்லைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். அது உருவான கதைக்கான தடயங்கள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு இரும்பு ஆணி, கொஞ்சம் வினிகர் போதும்.

படி 1: புதிதாக உடைந்த பக்கத்தைத் தேடுங்கள். வெயிலும் மழையும் பட்ட வெளிப்பக்கத்தை நம்ப வேண்டாம். நிறத்தையும் நம்ப வேண்டாம். துகள்களின் மேல் மெல்லிய படலமாக இரும்பு ஆக்சைடு படிந்தாலே கல் சிவந்துவிடும்.

படி 2: விரலால் தேயுங்கள். உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். மணல் துகளின் அளவு 0.06 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை. அதைவிடப் பெரிய கற்கள் நிறைய இருந்தாலோ, துகளே தெரியாமல் வழவழப்பாக இருந்தாலோ அது வேறு பாறை.

படி 3: இனி லென்ஸ். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், அவசரப்படாதீர்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும் சாம்பல் நிறத் துகள்கள் குவார்ட்ஸ். மற்ற கனிமங்கள் சிதைந்து கரைந்த பிறகும் குவார்ட்ஸ் தாக்குப்பிடிப்பதால்தான் மணற்கல்லில் அது அதிகம். இளஞ்சிவப்பாக, தட்டையான பளபளப்பு முகத்தோடு இருப்பது ஃபெல்ட்ஸ்பார். அது எளிதில் சிதையும். ஆகவே அது நிறைய இருந்தால், மணல் அதிக தூரம் பயணிக்காமல் சீக்கிரமே புதைந்திருக்கும் என்று ஊகிக்கலாம். துகள்கள் உருண்டையா, கூர்முனையா என்றும் பாருங்கள். நெடுந்தூரம் உருண்டு வந்தவை முனை மழுங்கியிருக்கும்.

படி 4: துகள்களை ஒட்டவைத்திருப்பது எது? ஆணியால் சுரண்டிய தூளில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் பசை கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கனிமம். சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும், ஆனால் அதில் மணல் மிஞ்சாது. நுரையே இல்லாமல், துகளும் உதிராமல் உறுதியாக இருந்தால் பசை சிலிக்காவாக (குவார்ட்ஸ் எதனால் ஆனதோ அதே பொருள்) இருக்கலாம்.

மணற்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி உருவாகும் பாறையான குவார்ட்சைட்டோடு குழப்பம் வரும். சரி, உடைந்த முகத்தைப் பாருங்கள்: குவார்ட்சைட் துகள்களை வெட்டிக்கொண்டு உடையும், மணற்கல் பெரும்பாலும் துகள்களைச் சுற்றி உடையும். சிலிக்கா நன்றாக இறுகிய மணற்கல் மட்டும் இங்கே ஏமாற்றலாம்.

படி 5: பாறையின் பக்கவாட்டில் அடுக்குகளைப் பாருங்கள். கிடையான அடுக்குகளுக்கு நடுவே சாய்ந்த கோடுகள் தெரிந்தால், அவை சரியும் பக்கம்தான் அன்று நீரோ காற்றோ போன திசை. அந்தக் கோடுகள் மேலே வெட்டுப்பட்டும் கீழே வளைந்து படிந்தும் இருந்தால், பாறை தலைகீழாகப் புரளவில்லை என்றும் சொல்லிவிடலாம்.